அதே கிருமிதானா?

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரே வாரத்தில் மூன்று இரத்த மாதிரிகள் ஆய்வகத்துக்கு வருகின்றன. மூன்றிலும் வளர்ந்தது கிளெப்சியெல்லா நிமோனியே. மெக்கான்கி தட்டில் மூன்றும் இளஞ்சிவப்பாக, சளி போல வழவழவென்று படர்ந்திருக்கின்றன. கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் பாகுப்பதம் வந்த வெல்லம் போல நூல் இழுக்கிறது. எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்ற பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். வார்டிலிருந்து போன் வருகிறது: "டாக்டர், மூணும் அதே கிருமிதானா?"

மருத்துவமனை நுண்ணுயிரியலில் இதைவிடக் கனமான கேள்வி குறைவு. மூன்றும் ஒன்று என்றால் வார்டுக்குள் ஓரிடத்தில் ஊற்று இருக்கிறது. பலருக்கும் ஊசி போட எடுத்த ஒரே சலைன் பாட்டிலாக இருக்கலாம், சளி உறிஞ்சும் குழாயாக இருக்கலாம், கை கழுவும் தொட்டியாக இருக்கலாம். தேடிக் கண்டுபிடித்து அடைத்தால் நான்காவது குழந்தை தப்பிக்கும். மூன்றும் வேறு வேறு என்றால் அவை தனித்தனியாக நேர்ந்த துயரங்கள். அதற்காக வார்டை மூடினால், அன்று இரவு எட்டாம் மாதத்தில் பிறந்து இன்குபேட்டர் தேடி வரும் குழந்தையைத்தான் வாசலில் நிறுத்துவோம்.

இனத்தின் பெயர் ஒன்று என்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. ஊரில் நூறு முருகேசன் இருப்பார்கள். கிளெப்சியெல்லா நம் குடலில் குடியிருக்கும் கிருமி, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மூன்றில் ஒருவர் மூக்கில் இருப்பது. எந்த முருகேசன் என்று சொல்லத்தான் டிஎன்ஏ கைரேகை முறைகள் வந்தன.

ஆனால் அந்தக் 'கைரேகை' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் தடுமாற வைக்கிறது. 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மனிதருக்குக் கண்ட டிஎன்ஏ கைரேகை வேறு கதை. தாயும் தகப்பனும் தந்த சீட்டுகளைக் கலைத்துப் போட்டுப் பிறப்பவர்கள் நாம். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையரைத் தவிர இருவர் ஒன்றாக இருப்பதில்லை. பாக்டீரியா அப்படிப் பிறப்பதில்லை. ஒன்று இரண்டாகப் பிளக்கிறது, இரண்டு நான்காகிறது, நல்ல சூட்டில் நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தலைமுறை. கிருமிக்கு 'ஆள்' கிடையாது, வம்சம்தான் உண்டு. ஆகவே 'அதே கிருமிதானா' என்று கேட்கும்போது உண்மையில் நாம் கேட்பது, இந்த இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து எப்போது பிரிந்தன, போன வாரமா, போன வருஷமா, போன நூற்றாண்டிலா என்பதைத்தான். ஒவ்வொரு கைரேகை முறையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும் கடிகாரம். நிமிட முள் தேவைப்படும் இடத்தில் நாள்காட்டியைப் பார்த்து மணி சொன்னால் தப்பு நேரும். அந்தத் தப்பை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அது ஆர்ஏபிடி முறையில் நேர்ந்தது. 1990-இல் அறிமுகமான அந்த முறை கேட்பதற்கு அழகானது. டிஎன்ஏவைப் பெருக்கும் வழக்கமான பிசிஆரில், நமக்கு வேண்டிய மரபணுவைத் துல்லியமாகத் தேடிப் பிடிக்க 20 எழுத்துச் சொச்சம் நீளமுள்ள பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ இழையைப் போடுவோம். ஆர்ஏபிடியில் 10 எழுத்தே உள்ள, எந்த மரபணுவையும் குறிவைக்காத பிரைமர். சூட்டையும் 36 டிகிரி அளவுக்குத் தாழ்த்திவிடுவார்கள். அந்தத் தளர்ந்த சூட்டில் பிரைமர் சரியாகப் பொருந்தும் இடத்திலும் உட்காரும், அரைகுறையாகப் பொருந்தும் இடத்திலும் உட்காரும். உட்கார்ந்த இடங்களுக்கு நடுவே உள்ள துண்டுகள் பெருகும். அவற்றை ஜெல்லில் ஓட்டினால் ஏணிப்படி போலப் பட்டைகள் விழும். கிருமியின் மரபணு வரிசை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம், காலையில் தொடங்கினால் மாலைக்குள் படம் கையில். காசில்லாத ஆய்வகங்களுக்கு இது வரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அரைகுறைப் பொருத்தத்தை நம்பி நடக்கும் முறைக்கு உள்ள சிக்கலும் அங்கேதான். மெக்னீசிய உப்பு ஒரு துளி கூடினாலும், டாக் என்சைம் வேறு கம்பெனியுடையதாக மாறினாலும், பிசிஆர் கருவி சூடேறும் வேகம் வேறுபட்டாலும் பட்டைகள் மாறும். ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே ஜெல்லில் அருகருகே ஓடியவற்றை மட்டும் ஒப்பிடலாம். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைக்கக்கூடாது. அடுத்த ஊர் ஆய்வகத்தின் படத்தோடு ஒப்பிடுவதை மறந்தே விடலாம்.

நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ், அதாவது எம்ஆர்எஸ்ஏ, ஐந்து குழந்தைகளிடம் கண்டது. பணியாளர்கள் எல்லோர் மூக்கிலும் ஸ்வாப் எடுத்தார்கள். ஒரு செவிலியர் அக்காவின் மூக்கில் எம்ஆர்எஸ்ஏ இருந்தது. ஒரே ஒரு பிரைமர் போட்டு ஆர்ஏபிடி ஓட்டினோம். ஐந்து குழந்தைகளுக்கும் அவருக்கும் நான்கே பட்டைகள், ஆறு வரிசையிலும் ஒரே உயரத்தில். படத்தைப் பார்த்த எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. மறுநாளே அவரை அந்த வார்டிலிருந்து மாற்றிவிட்டார்கள். ஏன் என்று வார்டு முழுவதும் தெரிந்துபோயிற்று. பிறகு அதே ஆறு கிருமிகளையும் வேறு முறையில் நான் ஓட்டிப் பார்த்தேன். குழந்தைகளுடையவை ஒன்றுபோல் இருந்தன. அவருடையதில் எட்டுப் பட்டைகள் வேறாக விழுந்தன. நான்கு பட்டை ஒத்துப்போனது, அந்த பிரைமருக்கு வேறு எதையும் பிரித்துக் காட்டத் தெரியாததால். அப்படியே ஒத்திருந்தாலும்கூட அவரிடமிருந்து குழந்தைக்குப் போனதா, குழந்தையைத் தூக்கித் துடைத்துப் பாலூட்டியதில் அவருக்கு வந்ததா என்று எந்த ஜெல்லும் சொல்லியிருக்காது. அதை அன்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வேறு முறைதான் பல்ஸ்ஃபீல்டு ஜெல். சுமார் கால் நூற்றாண்டு மருத்துவமனைப் பரவல்களின் உரைகல்லாக இருந்தது. அதைச் செய்து பழகியவர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு, எனக்கும் உண்டு.

கிளெப்சியெல்லாவின் டிஎன்ஏ சுமார் 55 லட்சம் எழுத்து. நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், அதாவது அந்தக் கிருமியின் உடலைப் போல ஆயிரம் மடங்கு நீளம். இவ்வளவு நீள இழையை பிப்பெட்டால் உறிஞ்சினால், சேவையைக் கரண்டியால் அள்ளியது போல ஆங்காங்கே அறுந்துவிடும். எனவே டிஎன்ஏவை வெளியே எடுப்பதே இல்லை. உயிருள்ள கிருமிகளை இளஞ்சூடான அகரோஸில் கலந்து சின்ன அச்சில் ஊற்றி உறைய விடுவார்கள். விரல் நகத்தில் பாதி அளவில், நுங்குச் சுளையைச் சீவி வைத்தது போல ஒரு வில்லை கிடைக்கும். அந்த வில்லைக்குள்ளேயே கிருமியை உடைக்கிறோம். ஸ்டெஃபிலோகாக்கஸின் சுவர் சாதாரண லைசோசைமுக்கு அசையாது. அதற்கென்றே லைசோஸ்டாஃபின் என்ற என்சைம் வேண்டும். பிறகு புரதங்களைக் கரைக்க ஒரு இரவு, கழுவுதல், மீண்டும் கழுவுதல். கலங்கலாக இருந்த வில்லை கண்ணாடி போலத் தெளிந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். கழுவும்போது சல்லடை மூடி நழுவி வில்லை தொட்டிக்குள் போய்விட்டால் மூன்று நாள் உழைப்பும் அதோடு போகும்.

அடுத்து வெட்டுதல். பொதுவாக 6 எழுத்துச் சொல்லைத் தேடி வெட்டும் என்சைம் 4,096 எழுத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் நூற்றுக்கணக்கில் துண்டுகள், படம் முழுக்கப் புகை. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகள் மூன்றில் ஒரு பங்குதான். ஜியும் சியும் மட்டுமே கொண்ட சொல்லைத் தேடும் எஸ்எம்ஏ1 என்சைமுக்கு அங்கே வேலை அபூர்வமாகத்தான் கிடைக்கும். 28 லட்சம் எழுத்தில் இருபதுக்கு உட்பட்ட துண்டுகளே விழும். எண்ணிப் பார்க்கக்கூடிய எண்ணிக்கை.

அந்தத் துண்டுகள் மிக நீளமானவை. சாதாரண ஜெல்லில் ஓட்டினால் 50,000 எழுத்துக்கு மேலுள்ள எல்லாத் துண்டும் பாம்பு போல நுழைந்து ஒரே வேகத்தில் ஓடிவிடும், பிரியாது. 1984-இல் டேவிட் ஷ்வார்ட்ஸும் சார்லஸ் கேன்ட்டரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மின்சாரத்தின் திசையை அடிக்கடி மாற்றினார்கள். தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்த்தெருவில் தேரும் சைக்கிளும் சேர்ந்தே போகலாம். வீதி மூலையில் சைக்கிள் நொடியில் திரும்பிவிடும், தேர் திரும்ப முட்டுக்கட்டை போட்டு, வடம் மாற்றி, வெகுநேரம் ஆகும். மூலைகள் கூடக் கூடச் சைக்கிளுக்கும் தேருக்கும் இடைவெளி கூடும். ஜெல்லுக்குள் ஓர் இரவு முழுவதும் சில நொடிகளுக்கு ஒருமுறை திசை மாறிக்கொண்டே இருக்கும். சின்னத் துண்டுகள் திரும்பி ஓடிவிட, பெரிய துண்டுகள் திரும்பிக்கொண்டே பின்தங்கும். மறுநாள் சாயம் ஏற்றி, புற ஊதா ஒளியில் வைக்கும்போது, கறுப்புத் திரையில் பட்டைகள் தெளிவாக எழுந்து நிற்பதைப் பார்ப்பது இன்றும் எனக்கு அலுக்காத காட்சி.

சரி, இரண்டு வரிசையில் இரண்டு மூன்று பட்டை வேறாக இருந்தால் அது அதே கிருமியா? இதற்கு 1995-இல் ஃப்ரெட் டெனோவரும் சக ஆய்வாளர்களும் ஒரு விதி தந்தார்கள். வித்தியாசமே இல்லை என்றால் பிரித்தறிய முடியாதவை. 2, 3 பட்டை மாறினால் நெருங்கிய உறவு. 4 முதல் 6 வரை என்றால் உறவு இருக்கலாம். 7 அல்லது அதற்கு மேல் என்றால் வேறு. இந்த எண்கள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ஒரே ஒரு எழுத்து மாறி ஒரு புது வெட்டுமிடம் உண்டானால் ஒரு பெரிய பட்டை மறைந்து இரண்டு சின்னப் பட்டைகள் தோன்றும். மொத்தம் 3 வித்தியாசம். வெட்டுமிடங்களுக்கு நடுவே ஏதாவது செருகப்பட்டால் பட்டை ஒன்று இடம் பெயரும். பழைய இடத்தில் ஒன்று குறைவு, புது இடத்தில் ஒன்று கூடுதல், 2 வித்தியாசம். அதாவது 3 வரை என்றால் ஒரே ஒரு மரபணு நிகழ்ச்சி, 6 வரை என்றால் இரண்டு. எவ்வளவு நேர்மையான கணக்கு! அவர்கள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: இது ஒன்று முதல் மூன்று மாதம் வரை நீளும் சிறு பரவலுக்கு, முப்பது கிருமிகளுக்கு உட்பட்ட ஆய்வுக்கு, பத்துப் பட்டைகளாவது விழும் ஜெல்லுக்கு மட்டும். அந்த நிபந்தனையைப் பலரும் படிக்காமல், அட்டவணையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு பல வருடக் கிருமிகளின் மேல் போட்டார்கள். அது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

முறைகள் பெருகியபோது மொழிகளும் பெருகின. 2003 வாக்கில் கனடாவின் கியூபெக் மாகாண மருத்துவமனைகளில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற குடல் கிருமி கடுமையான வயிற்றுப்போக்கோடு முதியவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. அதன் பெயரைப் பாருங்கள்: பிஐ/நாப்1/027. டிஎன்ஏவைச் சாதாரண என்சைமால் வெட்டிப் பார்க்கும் முறையில் அது 'பிஐ' வகை. பல்ஸ்ஃபீல்டு ஜெல்லில் வட அமெரிக்க வகை 1. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள பகுதியைப் பெருக்கும் ரைபோடைப்பிங்கில் 027. அமெரிக்காவில் ஒன்றும் ஐரோப்பாவில் ஒன்றுமாக வழங்கிய பெயர்களைச் சேர்த்துக் கட்டித்தான், எல்லோரும் பேசுவது ஒரே கிருமியைப் பற்றித்தான் என்று உறுதி செய்ய முடிந்தது.

எது நல்ல முறை என்று ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. தொடர்பே இல்லாத இரண்டு கிருமிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், இந்த முறை அவற்றை வேறு என்று சொல்லும் வாய்ப்பு எவ்வளவு? 1988-இல் ஹன்டரும் கேஸ்டனும் சூழலியலின் சிம்ப்சன் குறியீட்டை இதற்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். 0.95-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது வழக்கம். ஆனால் பிரிக்கும் திறன் மட்டும் பெருமையல்ல. அளவுக்கு மீறிக் கூர்மையான முறை ஒரே பரவலின் பிள்ளைகளையே அந்நியர்கள் என்று சொல்லிவிடும்.

படத்தைப் பார்த்துச் சண்டை போடுவதை நிறுத்தியது எம்எல்எஸ்டி. 1998-இல் மார்ட்டின் மெய்டனும் சகாக்களும் மூளைக்காய்ச்சல் கிருமிக்காக இதை முன்வைத்தார்கள். கிருமி உயிர்வாழத் தேவையான அடிப்படை மரபணுக்களில், வழக்கமாக ஏழில், தலைக்கு 450, 500 எழுத்து வாசி, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் கொடு, ஏழு எண்ணும் சேர்ந்தால் ஒரு வகை, சுருக்கமாக எஸ்டி. இது பட்டையல்ல, எழுத்து. லண்டனில் வாசித்தாலும் வேலூரில் வாசித்தாலும் எஸ்டி231 எஸ்டி231தான். வேலூர் சிஎம்சியின் ஆய்வாளர்கள் அந்த வகைக் கிளெப்சியெல்லாவை நம் நாட்டு நோயாளிகளிடம் கண்டு எழுதியபோது, உலகில் யாரும் அதைத் தங்கள் கிருமியோடு சேர்த்துப் பார்க்க முடிந்தது. உலகப் பயணத்தைத் தொடர இதைவிட நல்ல முறை அன்று இல்லை. வார்டுக்கு மட்டும் இது உதவாது. 55 லட்சம் எழுத்தில் ஏறக்குறைய 3,000-ஐத்தான் வாசிக்கிறது. அதுவும் மாறவே தயங்கும் மரபணுக்களில். நாள்காட்டி என்று சொன்னேனே, அது இதுதான்.

நாள்காட்டியும் ஜெல்லும் போதாமல் போன இடம் அமெரிக்காவின் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனை. 2011 ஜூனில் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் நோயாளி மாற்றப்பட்டு வந்தார். கார்பபெனம் மருந்துகளை முறிக்கும் கிளெப்சியெல்லா அவரிடம் இருப்பது முன்பே தெரியும். தனிமைப்படுத்தி, கையுறை, அங்கி என்று எல்லாக் கட்டுப்பாட்டோடும் பார்த்துக்கொண்டார்கள். ஜூலையில் அவர் வீடு திரும்பினார். யாருக்கும் பரவியதாகத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு நோயாளியிடம் அந்த இனக் கிருமி வெளிப்பட்டது. பிறகு இன்னொருவர், மேலும் ஒருவர். மொத்தம் 18 பேர். அவர்களில் 11 பேர் இறந்தார்கள். அதில் 6 மரணங்களுக்கு இந்தத் தொற்றே காரணம் என்று கணித்தார்கள்.

முதல் நோயாளியிடமிருந்து வந்ததா, வெளியிலிருந்து புதிதாக நுழைந்ததா? கிருமி எஸ்டி258 வகை. அமெரிக்காவில் அப்போது பரவியிருந்த இத்தகைய கிளெப்சியெல்லாவில் பெரும்பங்கு அதே வகைதான். எல்லோரும் காக்கிச் சட்டை போட்டிருக்கும் இடத்தில் "காக்கிச் சட்டைக்காரரைப் பார்த்தேன்" என்று சாட்சி சொல்வதில் என்ன பயன்? ஊரில் எது பரவலோ அதையே காட்டும் கைரேகை, கைரேகையே அல்ல. அங்கே ஜூலி செக்ரே, இவான் ஸ்னிட்கின், டாரா பால்மோர் ஆகியோர் கிருமிகளின் மரபணுத் தொகுதியை முழுதாக, எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். சுமார் 60 லட்சம் எழுத்தில் மொத்தப் பரவலுக்கும் சேர்த்து வித்தியாசமான இடங்கள் சில பத்துகளே. அந்தச் சில பத்து எழுத்துகளில் கதை முழுவதும் இருந்தது. முதல் நோயாளியின் வெவ்வேறு உடல் பகுதிகளிலிருந்து எடுத்த கிருமிகளுக்குள்ளேயே சில எழுத்து மாறியிருந்தன. மற்ற நோயாளிகளிடம் கண்டவை அந்தக் கிளைகளில் ஏதாவதொன்றிலிருந்து வந்தன. அவரிடமிருந்து மூன்று தனித்தனி முறை கிருமி வெளியேறியிருக்கிறது. எல்லாக் கட்டுப்பாடும் இருந்தபோதே, யார் கண்ணுக்கும் படாமல், மூன்று முறை. நோய் வெளிப்பட்ட தேதிகளை வைத்துப் போட்ட வரிசையும் பல இடத்தில் தவறாகியது. அறிகுறியே இல்லாமல் குடலில் சுமந்தவர்கள் நடுவில் இருந்தார்கள். துடைத்துச் சுத்தம் செய்த ஒரு வென்டிலேட்டரிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகாலிலும் அதே கிருமி கிடைத்தது.

2010-இல் வெளியான ஓர் ஆய்வு எம்ஆர்எஸ்ஏவின் ஒரு வம்சத்தில் சுமார் ஆறு வாரத்துக்கு ஓர் எழுத்து மாறுகிறது என்று கணக்கிட்டது. நிமிட முள் கிடைத்துவிட்டது. 2011-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் 12 குழந்தைகளிடம் எம்ஆர்எஸ்ஏ இருப்பதைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு கண்டது. தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம்தான், பழைய முறைகளால் உறுதி செய்ய முடியவில்லை. முழு வரிசை வாசித்தபோது தொடர்புள்ளவர்கள் 26 பேர், வார்டுக்கு வெளியே தாய்மார்களும் ஊரில் மற்றவர்களும் உட்பட. கடைசி நோயாளி போய் 64 நாள் ஆகி, வார்டை ஆழமாகக் கழுவிய பிறகும் மறுபடி ஒரு குழந்தைக்கு அதே கிருமி. 154 பணியாளர்களைச் சோதித்ததில் ஒருவரிடம் அது இருந்தது. இம்முறை நான்கு பட்டையை வைத்து யாரும் தீர்ப்பு எழுதவில்லை. அவரிடமிருந்து ஒரு காலனியல்ல, பல காலனிகளை எடுத்து வாசித்து, அவற்றுக்குள் இருந்த வேறுபாட்டை வைத்துத்தான் அவர் இடையில் நின்ற சுமப்பாளர் என்று தெரிந்துகொண்டார்கள். கிருமியை அகற்றச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

முழு வரிசை வாசித்தாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. மருந்தை முறிக்கும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கும். அந்த வளையம் கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலைக்கும், அங்கிருந்து என்டரோபேக்டருக்கும் தாவும். கிருமிகளை ஒப்பிட்டால் மூன்றும் வேறு வேறு, பரவலே இல்லை என்று அறிக்கை போகும். உண்மையில் வார்டில் பரவுவது கிருமியல்ல, வளையம். அதைப் பிடிக்க நீள இழையாக வாசிக்கும் கருவிகள் வேண்டும். இப்போது அவை உள்ளங்கை அளவில் வந்திருக்கின்றன.

நம் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் முழு வரிசை வாசிக்கும் வசதி நாளையே வந்துவிடாது. பட்டை முறைகளை நான் குறை சொல்லித் தள்ளவில்லை. ஒரே ஜெல்லில், இரண்டு மூன்று பிரைமர் போட்டு, தொடர்பே இல்லாத இரண்டு கிருமிகளையும் ஒப்பீட்டுக்கு ஓட்டி, "வேறு" என்ற விடை வந்தால் அதை ஓரளவு நம்பலாம். "ஒன்று" என்ற விடை வந்தால் அதை வைத்து ஒரு மனிதரின் பெயரை எழுதக்கூடாது, தேடலை எங்கே தொடங்குவது என்று மட்டும் முடிவு செய்யலாம். ஆனால் எந்த முறைக்கும் முதலில் கிருமி கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வகங்களில் அறிக்கை போனதும் தட்டு ஆட்டோகிளேவ் பைக்குள் போய்விடுகிறது. மூன்றாவது குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது முதல் குழந்தையின் கிருமி இருப்பதில்லை. இரத்தத்தில் வளர்ந்த ஒவ்வொரு கிருமியிலும் இரண்டு மூன்று காலனியைக் கிளிசரால் கலந்த சின்னக் குழாயில் எடுத்து, தேதியும் படுக்கை எண்ணும் எழுதி, மைனஸ் 70 டிகிரி பெட்டியில் வைக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஆறு குழாய்களும் இன்னும் என் பெட்டியில், இரண்டாம் அடுக்கில், இடது ஓரத்தில் இருக்கின்றன.